மாதா முன்னால் கிடந்த மெமரி

நல்லூர் பஸ் நிறுத்தம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த சகாயம் மச்சானுக்கு, விருத்தாசலம் பிலோமின்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. மாதா அருளால் தங்களுக்கும் அக்காவுக்கும் ரத்தக்கொதிப்பு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு இப்போது ஏறியிருக்கிறது. தங்கள் தங்கை லிசா சுகம், ஏனென்றால் அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

விஷயம் இதுதான். உங்கள் மருமகள், எங்கள் பிள்ளை அனிஷா கம்ப்யூட்டர் ரிப்பேர் பயிற்சிக்குப் போகிறாள் அல்லவா, கடைகண்ணி இல்லாத உள்கிராமங்களில் போய்த் தங்கிப் பழுது பார்க்கிற வேலைக்கு, அதற்கு இன்றைக்குத்தான் கடைசிப் பரீட்சை. செத்துக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துச் சரிசெய்து, நல்லூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் மாட்டி, பயிற்சி கொடுத்த வாசுகி மேடம் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் அந்த வட்டாரத்துக்கே இவள்தான் ஆள். ஓடாவிட்டால் அத்தோடு சரி, மறு வாய்ப்பு கிடையாதாம். மேடம் கறார் பேர்வழி. "அங்க போயி அந்த ஸ்பேர் இல்ல இந்த ஸ்பேர் இல்லன்னு நின்னா மார்க்கு கெடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாராம்.

நேற்று சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரை மந்திரிக்கச் சொல்லிப் பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தேன். பைக் வாங்கினாலும் கிரைண்டர் வாங்கினாலும் தீர்த்தம் தெளிக்காமல் நம் குடும்பத்தில் ஓட்டியது உண்டா, நீங்களே சொல்லுங்கள். அனிஷா குளித்துக்கொண்டிருந்தாள். மேலே தெளித்தால் ஆசீர்வாதம் தகரத்துக்கல்லவா போகும், உள்ளே இருப்பதற்கு யார் கொடுப்பார்கள் என்று நான்தான் பக்கத்து மூடியைக் கழற்றினேன். "பிலோமின், இது கரண்டு சாமானாச்சேப்பா" என்றார் சாமியார். "பரவால்லிங்க சாமி, நல்லா தெளிங்க" என்றேன். நல்ல மனுஷன், கையும் தாராளம். அவர் போனதும் துண்டால் ஒத்தி, சந்துபொந்தெல்லாம் விரலை விட்டுத் துடைத்து, மூடிவிட்டேன். நானோ பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறவன். கரண்ட் போகாத சாமானையே செய்து பழகிய கை அது, இதையெல்லாம் தொட்டிருக்கவே கூடாது. அனிஷாவிடம் மூச்சு விடவில்லை. விடிந்தால் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், அவளாலும் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போனபிறகு ஜெபம் சொல்லலாம் என்று மாதா சுரூபத்தின் முன்னால் நின்றால், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு பட்டை கிடக்கிறது! அடியில் தங்கக் கலரில் பல்வரிசை. இதுதான் மெமரி, இது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது என்று அனிஷா எனக்குக் காட்டியிருக்கிறாள். துடைக்கிறேன் பேர்வழி என்று நான்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன் மச்சான். லிசா கூட்டும்போது பொத்தான், ஊக்கு எது கிடைத்தாலும் மாதா முன்னால்தான் எடுத்து வைப்பாள், இதையும் வைத்துவிட்டாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அனிஷாவுக்குப் போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறான், அடித்து அடித்து என் போனே அணைந்துபோனது. அவசரத்தில் போர்டு பார்க்காமல் ஏறிய பஸ் நேரே வேப்பூர் பைபாஸில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கியது. அங்கே ஒரு லாரிக்காரன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நல்லூர் வந்து சேர்ந்தேன். டீக்கடை நீலாவதியம்மாவிடம் அந்த ஊருக்கு பஸ் எப்போது என்று கேட்டேன். "மினிபஸ்ஸு வரும்ங்க. வந்தா வரும்" என்கிறார். அவர் கொடுத்த பேப்பரில்தான் இதை எழுதுகிறேன். சட்டைப் பையில் மெமரி இருக்கிறதா என்று வரிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் மறைப்பதற்கென்ன. பஸ் வராமலே போகட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. தோற்றால் பிள்ளை வீட்டோடு இருக்கும். பல்லி கத்தினாலே எழுந்து லைட்டைப் போடுகிறவள், தெரியாத ஊரில் தனியாக எப்படி இருப்பாள்? அடுத்த நிமிஷமே, சால்டரிங் பிடித்துப் பொசுங்கிய அவள் விரல் ஞாபகம் வந்து அழுகை முட்டுகிறது. ஆகவே தாங்கள் ஒரு உபகாரம் செய்ய வேண்டும். பாண்டிச்சேரியில் தங்கள் கடையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். பாஸோ ஃபெயிலோ, "மாமா கூப்புடறாங்க"ன்னு சொன்னா வந்துடுவா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

மினிபஸ் வந்துவிட்டது. ஏறத்தான் போகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர். ஆரோக்கியத் தாய் உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

தங்கள் மாப்பிள்ளை,
பிலோமின்ராஜ்

பி.கு.: திரும்புகிற பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடும். நான் ஆஸ்பத்திரிக்குள் ஓடி, "நிறுத்துங்க, மெமரி எங்கிட்ட இருக்குது!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார். இதற்காக அந்தப் பெண் இனி நல்லூருக்கு பஸ் ஏற வேண்டாமாம்.

"ஐயோ அப்பா, அது செத்துப்போன மெமரி" என்றாள் அனிஷா. "நானே மொதமொதல்ல கண்டுபுடிச்ச கோளாறு. கால் சரியானா வேளாங்கண்ணில வெள்ளிக்கால் வக்கறாங்கல்ல, அந்த மாதிரி மாதாவுக்குக் காணிக்கையா வச்சேன். அதப் போயி எடுத்துட்டு வந்துருக்கீங்களே! உள்ள ஈரமா இருந்திச்சு, ராத்திரியே எல்லாத்தயும் கழட்டிக் காய வச்சு மாட்டினேன். அத வூட்ல வந்து பேசிக்கிறேன்."

பாஸ் போட்டுவிட்டார் மேடம். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு அங்கேதான் வேலை. நர்ஸம்மா வீட்டுப் பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே மேலே நாற்காலி கேட்டதை அடித்துவிடுங்கள். பிரிண்டர் மாட்டுகிற வேலை பாக்கி இருக்கிறது, மேடத்தோடு காலையில் வருகிறேன் என்று அனிஷா என்னை மட்டும் பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னலோரமாக உட்கார வைத்து, டிக்கெட்டையும் அவளே எடுத்துக் கொடுத்து, கண்டக்டரிடம் சொன்னாள்: "அண்ணே, இவங்க எங்கப்பா. இந்தப் பக்கம் புதுசு. நல்லூர்ல எறக்கி, விருத்தாசலம் பஸ்ஸுதானான்னு பாத்து ஏத்தி வுட்டுடுங்க."