தென்மூலைப் பாறை

மேழிநாட்டு மக்கள் தங்கள் மன்னரைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, கரையில் நின்றபடியே புது அவைக்கு ஆள் தேடினார்கள். வக்கீல் பூவராகன் கண்ணில் பட்டார். சிவந்தாயி என்ற ஏழை உழவுக்காரியிடமிருந்து மன்னர் பறித்துக்கொண்ட வயலுக்காக ஆறு வருடம் வழக்காடித் தோற்றவர். ஒவ்வொரு முறையும் அழகாகப் பேசித் தோற்றதில் ஊரறிந்த மனிதராகியிருந்தார்.

"அவைக்குப் போனதும் மொத வேலை உன் வயல்தாம்மா" என்று அவளிடம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

புதுச் சட்டம் எழுத மூன்று வருடம் பிடிக்கும் என்றார் அவைத்தலைவர். பூவராகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய சட்டத்தில் 'மன்னர்' என்று வரும் இடமெல்லாம் 'மக்கள்' என்று மாற்றிவிட்டால் போதாதா? மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது.

மன்னரை ஏசினால் சவுக்கடி என்றிருந்தது, மக்களை ஏசினால் சவுக்கடி என்றாயிற்று. சந்தையில் புருஷனைத் திட்டிய ஒருத்திக்கு முதல் அடி விழுந்தது. மன்னரின் நிலங்கள் மக்களின் நிலங்களாயின.

சிவந்தாயி தலைநகருக்கு நடந்தே வந்தாள்.

"ஐயா, வயலு மக்களோடதுன்னு பலகை நட்டிருக்காங்க. உள்ள கால் வச்சா வெரட்டுறாங்க. நான் மக்கள்ல சேத்தி இல்லியா?"

நியாயமான கேள்விதான். பூவராகன் அதை அவையில் எழுப்பினார். இரண்டு நாள் விவாதத்துக்குப் பின், நிலம் உடையவரே மக்கள் என்று அவை தீர்மானித்தது. வாக்கும் அவர்களுக்கே.

"அந்த அம்மையாருக்கு நிலம் உண்டா?" என்று தலைவர் கனிவோடு கேட்டார்.

"அதைத்தான் அவள் கேட்கிறாள்."

"கிடைத்ததும் மனுப் போடச் சொல்லுங்கள். உடனே கவனிப்போம்."

அப்போதுதான் ஒருவர், பூவராகனுக்கு நிலம் உண்டா என்று விசாரித்தார். இல்லை, வாடகை வீட்டு வக்கீல். மக்களில் சேராதவர் அவையில் எப்படி உட்கார்வது? அவை பெருந்தன்மையோடு, சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தை அவர் பேருக்கு எழுதியது. பத்திரத்தில் எல்லைகளைப் படித்ததும் அது எந்த நிலம் என்று அவருக்குத் தெரிந்துபோனது. சிவந்தாயியின் வயல். மறுத்தால் பதவி போகும். பதவி போனால் அவளுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? இந்த வாதம் அவருக்கே மிகவும் பிடித்துப்போனது. கையெழுத்துப் போட்டார்.

உழவு நேரத்தில் வயலைப் பார்க்கப் போனார். வரப்பில் அவள் நின்றிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உன் வழக்கை நான் விடலம்மா" என்றார்.

"தெரியுங்கய்யா. தென்மூலையில மண்ணுக்குள்ள ஒரு பாறை கெடக்கு. தெரியாதவன் ஓட்டுனா கலப்பை முறிஞ்சிரும். உழவுக்கு என்னையே வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டார். அவையின் அந்த வருட அறிக்கையில், புதிய ஆட்சியால் தம் வயலுக்கே திரும்பிய ஏழைகளின் பட்டியலில் சிவந்தாயியின் பெயர் முதலாவதாக இருந்தது.