அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள்

பதினோரு பேர் நிற்க வேண்டிய வரிசையில் நானூறு பேர் நின்றார்கள். அப்போது காலை எட்டு மணிதான் ஆகியிருந்தது.

கெங் யூலின், அலுவலக ஜன்னலைப் பாதி சாத்திவிட்டுக் கழகத் தலைவர் துவானைப் பார்த்தான். "சார், எல்லாருமே அந்த ஆட்டத்த நேர்ல பாத்தேன்னு சொல்றாங்க."

"உனக்கு எதுக்கு 'வரலாற்று அலுவலர்'னு பட்டம் குடுத்திருக்கு? வடிகட்டுடா!"

எங்கள் ஷிமென்ஹே கால்பந்துக் கழகம் நாட்டின் மூன்றாம் நிலைப் போட்டியில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருப்பது. ஆனால் 1997-இல் ஒரே ஒரு நாள், அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டு, மாகாணத் தலைநகரத்து அணியையே மண்ணைக் கவ்வ வைத்தது. அதன் பிறகு முதலாளிகள் ஐந்து முறை மாறினார்கள். சிமென்ட், பீர், பால்பவுடர் என்று அணியின் பெயரும் கூடவே மாறியது. போன ஒவ்வொருவரும் பீரோவையும் ஃபைல்களையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் அந்த ஒரு கோல்தான், அதுவும் ஊரார் நினைவில்.

இப்போது அணிக்கே ஆபத்து. கடற்கரை நகரம் ஒன்று அணியை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் காத்திருந்தது. மறுநாள் ஆட்டத்துக்கு விளையாட்டுத் துறை இயக்குநர் லுவான் வருகிறார். ஊருக்கு இந்த அணி வேண்டுமா வேண்டாமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வாராம். வழக்கமாக வருவது முந்நூறு பேர். வரலாற்றையாவது காட்டுவோம் என்று, அந்த ஆட்டத்தை நேரில் பார்த்த பதினோரு பேருக்கு மரியாதை செய்வதாகக் கெங் அறிவித்திருந்தான்.

அவனுக்கு இது வெறும் வேலை இல்லை. ஆறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் கோலைப் பார்த்தவன் அவன். அடுத்த வருடம் அப்பா இல்லை. அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெளிவாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

"அன்னைக்கு வாங்கின டிக்கெட் இருக்கறவங்க மட்டும் நில்லுங்க!" என்று கத்தினான்.

மதியத்துக்குள் எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது. எதிரே இருந்த நகல் கடையில் மை தீர்ந்துபோனது.

"அண்ணே, இதுல பால்பவுடர் அணின்னு போட்டிருக்கு. அந்தப் பேரு வந்ததே 2009லதான்."

"முன்கூட்டியே வாங்கி வச்சேன் தம்பி," என்றார் இறைச்சி சுட்டு விற்கும் மா என்பவர், கொஞ்சமும் கூசாமல்.

சரி, அன்று நம் அணியின் சட்டை என்ன நிறம் என்று கேட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"பச்சை!"

"சாம்பல்டா! சிமென்ட் கம்பெனி சட்டை!"

"மழையில உனக்கு எல்லாமே சாம்பலாத்தான் தெரிஞ்சிருக்கும். கண்ணாடிய மாத்து!"

"மழையா? அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு!"

இரண்டு மூக்குகள் உடைந்தன. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, சாயங்காலத்துக்குள் வெளியூரில் இருந்தவர்களெல்லாம் பச்சைக்கும் சாம்பலுக்கும் சாட்சி சொல்ல ரயிலேறிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் கெங் ஓர் அறிவிப்பு எழுதினான்: 'சண்டை வேண்டாம். அன்று பார்த்தவர்கள் அனைவரும் நாளை வந்து, அன்று இருந்த அதே இடத்தில் இருங்கள்.'

துவான் தலையில் கைவைத்தார். "அடப்பாவி, மொத்தமே ஒம்பதாயிரம் சீட்டுடா!"

மறுநாள் இருபதாயிரம் பேர் வந்தார்கள். வாயிற்காவல் பார்க்கும் சியா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நாலு கேட்டு தொறந்தாச்சு தம்பி. இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க."

"எட்டையும் தொறந்துடுங்கக்கா!"

ஓர் இருக்கைக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். மேற்குத் தூணருகே, கெங் அப்பாவின் தோளில் இருந்த அதே இடத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இது எங்கப்பா நின்ன இடங்க," என்றான்.

"எங்கப்பா நின்னதும் இங்கதான்," என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நம் பிள்ளைகள் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அறுபத்து மூன்றாவது நிமிடம் வந்ததும், யாரும் சொல்லாமலே இருபதாயிரம் பேரும் எழுந்து "கோல்!" என்று அலறினார்கள். பந்து அப்போது நடுமைதானத்தில் இருந்தது. எதிரணிக் கோல்காவலன் பதறிப்போய்த் தன் வலைக்குள் திரும்பிப் பார்த்தான். காலடியில் சிமென்ட் படி அதிர்ந்தது. பச்சைக்கட்சியும் சாம்பல்கட்சியும் கட்டிப்பிடித்து அழுதன. கெங்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓர் ஊர் இவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்று அவன் நினைத்ததே இல்லை.

இயக்குநர் லுவான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த அணி எங்கயும் போகாது. சொன்னா நம்ப மாட்டீங்க, அன்னைக்கு நானும் அதோ அந்த மூலையிலதான் நின்னேன்!"

"நான் உங்களுக்குப் பின்னாடி, சார்!" என்றார் துவான்.

கூட்டம் கலைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சியா அக்கா சாவிக்கொத்தோடு கடைசிக் கேட்டுக்கு வந்தாள். கெங்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, ஊரையே கேட்டேன், உங்கள கேக்கவே இல்லையே! அன்னைக்கும் நீங்கதானே இங்க வேலை? எங்க நின்னு பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன் தம்பி, வெளியில காவலுக்கு நின்னேன், அதுக்கு முந்தின ஆட்டத்துல நம்மாளுங்க பாட்டில் வீசினதுக்குத் தண்டனையா, அன்னைக்கு ஒரு ஈ காக்காயக்கூட உள்ள விடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவாச்சே!"