டீக்கு முன்னால், டீக்குப் பின்னால்

பரீட்சை வைத்தே பழகிய வாத்தியார், டீச்சர்களை மாதிரிப் பரீட்சைக்குப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் கிடையாது. நானே சாட்சி.

திருச்சுழி பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் பதினைந்து வருடம் பாடம் நடத்திய பிறகு, சிறப்புக் கல்வியில் எம்.எட். சேர்ந்தேன். சனி, ஞாயிறு மதுரையில் வகுப்பு. துணி காயப்போடும்போதுகூட 'கற்றல் குறைபாடு' என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். (தன்னைத்தான் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.)

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. மெதுவாகக் கற்கிற பிள்ளை ஒன்றுக்கு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பாடம் நடத்த வேண்டும். பாடத்துக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை. இடையில் பிள்ளை முன்னேறியிருக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. நான் எடுத்துக்கொண்டது நாலாம் வகுப்புச் செல்வியை. பாடம், பஸ் போர்டு வாசிப்பது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, பாளையம்பட்டி என்று நாலு அட்டை எழுதினேன்.

அதிகாரி வருகிறார் என்றால் ஒத்திகை பார்க்காமல் எந்த டீச்சரால் இருக்க முடியும்? ஒரு வாரம் பார்த்தேன். கடைசியில், அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் செல்வி வாசித்தாள். இனி முன் சோதனையில் அவள் எப்படித் தோற்பாள்? 'முன்பு பூஜ்யம், பின்பு நாலு' என்று நான் போட்ட வரைபடத்துக்கு வீட்டுக்காரர் கலர் வேறு அடித்து முடித்துவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் அவளைத் தனியே கூப்பிட்டேன். "நாளைக்கு வர்ற மேடம் டீ குடிக்கிறதுக்கு முன்னாடி எதக் காட்டினாலும் தெரியலன்னு சொல்லு. குடிச்ச பெறகு படபடன்னு வாசிச்சிரு." பாடத்துக்கு நடுவில் டீ வர ஏற்பாடு செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மேடம் வந்தார். செல்வி நாலுக்கும் தெரியல என்றாள். பாடம் பிரமாதமாகப் போனது. டீ வந்தது. மேடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பின் சோதனையில் அருப்புக்கோட்டையைக் காட்டினேன். தெரியல என்றாள். தினமும் அவள் பார்க்கிற திருச்சுழியும் தெரியல. கண்ணால் கெஞ்சினேன், புருவத்தால் மிரட்டினேன். மேடம் பேனாவைத் திறந்து பூஜ்யம் போடப் போனார். செல்விக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"டீச்சர், அவுக இன்னும் டீ குடிக்கலையே."

மேடம் என்னைப் பார்த்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் செல்வி நாலையும் வாசித்து முடித்துவிட்டாள். பிறகு மேடம், செல்வியைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த ஃபைலைப் புரட்டி, என் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்த ஒரு வரியை நிதானமாக வாசித்தார்: 'இம்மாணவியால் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள இயலாது.'

"இத எழுதுனது நீங்கதானா?" என்றார்.

வெட்கத்தில் செத்துப்போனேன். தேறாதது பெரிதில்லை, செல்வியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வரியை அங்கேயே அடித்தேன். ஆறு மாதம் கழித்து, ஒத்திகை இல்லாமல் மறுபடி பாடம் நடத்தித்தான் பட்டம் வாங்கினேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதைச் சொன்னாலும், "இது டீக்கு முன்னாடி பதிலா, பின்னாடி பதிலா?" என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், திருச்சுழி பஸ் என்று நினைத்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு பஸ்ஸில் கால் வைத்தேன். பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். செல்வி. இப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அது காரியாபட்டி பஸ்ஸு டீச்சர். நீங்க இன்னும் டீ குடிக்கலையா?"