நாவடக்க நட்சத்திரங்கள்

சீனாய் மலையில் மோசேக்குச் சட்டப் பலகைகள் கிடைத்ததற்குப் பிறகு யூத குலத்தில் நடந்த பெரிய காரியம் எது என்று கேட்டால், ருமேனியாவின் யாஷ் நகர யூத சமூகம் தயங்காமல் சொல்லும்: செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி இணைய வகுப்பு. இரண்டுக்கும் ஒற்றுமைகூட உண்டு. அங்கே இடி இடித்தது, இங்கே மைக் கரகரத்தது. அங்கே ஜனங்கள் பயந்துபோய் வாய்மூடி நின்றார்கள். இங்கே முதல் கால் மணி நேரம் "கேக்குதா? கேக்குதா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அதற்குப் பிறகு அறம் தொடங்கியது.

மோசேயின் இடத்தில் எமில் ஹைமோவிச் இருந்தார். முன்பு ஆயுள் காப்பீடு விற்றவர். 'நீ எப்படியும் சாகப்போகிறாய்' என்பதை இனிக்க இனிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிப் பழகிய வாய் அது. பிள்ளைகளுக்கு நல்லது போதிக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? சமூக அலுவலகத்தில் அவருக்கு 'விழுமியக் கல்வி ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி கொடுத்து, கதவில் பலகையும் மாட்டினார்கள். மாணவர்கள் வடக்கே எல்லை வரைக்கும் சிதறிக் கிடந்தார்கள். ஓர் ஊரில் இரண்டு பிள்ளைகள், இன்னோர் ஊரில் ஒன்று. அவர்களை ஒரே திரைக்குள் கட்டம் கட்டமாகச் சேர்த்து வைத்ததை எமில் 'சிதறியவர்களைத் திரட்டல்' என்று அறிக்கையில் எழுதினார்.

செலவு மர்சேல் செகாலுடையது. வாலிபத்தில் யாஷை விட்டுப் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போய், குளியல் தொட்டி செய்து, பெரும் பணக்காரர் ஆனவர். வள்ளல் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "எத்தனை தொட்டி வித்துதுன்னு எனக்குத் தினமும் சாயங்காலம் தெரியும். பசங்களுக்கு எத்தனை நல்ல குணம் ஏறுச்சுன்னும் அதே மாதிரி தெரியணும்" என்றார். நியாயம்தானே.

முதல் பருவத்துக்குத் 'தீச்சொல்' என்ற பாடம் முடிவானது. பிறரைப் பற்றிக் குறை பேசக்கூடாது. அந்தக் குறை உண்மையாகவே இருந்தாலும் பேசக்கூடாது. யூதனாய்ப் பிறந்தவன் காப்பாற்றவே முடியாத விதிகளில் இது முதலாவது. தீச்சொல் மூன்று பேரைக் கொல்லும் என்பது முன்னோர் வாக்கு: சொன்னவரை, கேட்டவரை, சொல்லப்பட்டவரை.

ஆனால் புறம் பேசாத குழந்தையை எப்படி எண்ணிக் காட்டுவது? இதைப் பற்றி முடிவெடுக்க நிர்வாகக் குழு கூடியது. குழுவில் ஏழு பேர். அதில் மூன்று பேர் வேறு இரண்டு பேரோடு பல வருடமாகப் பேசுவதில்லை. ஆக, நாவடக்கத்தில் குழுவுக்கு நல்ல முன் அனுபவம் இருந்தது.

மூத்த உறுப்பினர் பெர்க்கு, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், தலையை ஆட்டினார். "பேசாம இருக்கறத எண்ண முடியாது எமில். அது பல் வலிக்காம இருக்கற மாதிரி. இருக்கும்போது தெரியவே தெரியாது."

எமிலின் மூளை அப்போதுதான் மின்னியது. "பேசாததை எண்ண வேணாம் ஐயா. காதுல விழுந்ததை எண்ணுவோம்" என்றார்.

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பிள்ளையும் வாரம் முழுக்கக் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலோ வெளியிலோ யாராவது தீச்சொல் பேசினால், யார் பேசியது, யாரைப் பற்றி, சரியாக என்ன வார்த்தை என்று செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். உடனே வகுப்பே ஒரே குரலில் "தீச்சொல்! தீச்சொல்!" என்று கண்டிக்கும். சொன்ன பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் மலையடிவார ஏரிக்கரையில் கோடை முகாம்.

பெர்க்கு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்யூனிஸ்ட் காலத்துல இதுக்கு ரகசியப் போலீஸ்ல சம்பளம் குடுத்தாங்கப்பா. எங்க மேல்மாடியில குடியிருந்த ஆளு மாசாமாசம் வாங்கினான். நீங்க நட்சத்திரத்தோட முடிச்சிட்டீங்க."

'மூத்த உறுப்பினர் திட்டத்தின் சிக்கனத்தைப் பாராட்டினார்' என்று கூட்டக் குறிப்பில் பதிவானது.

முதல் வகுப்பிலேயே திட்டம் சூடுபிடித்தது. பகாவு ஊரிலிருந்து ரூபன் என்ற ஒன்பது வயதுப் பையன் கையைத் தூக்கினான். "எங்க அத்தை சொன்னாங்க சார், ஜெபக்கூடத்து அடுப்படியைப் பாத்துக்கற ஸீஸு அம்மா, வர்ற கோழியோட காலை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயிடறாங்களாம். அதனாலதான் நம்ம சூப்புல கோழி நீந்துதாம், நடக்க மாட்டேங்குதாம்."

"தீச்சொல்! தீச்சொல்!" என்றது வகுப்பு. நட்சத்திரம் ஒட்டப்பட்டது. ஸீஸு அம்மா அன்று இரவே ரூபனின் அத்தைக்குப் போன் செய்தார். அத்தை திருப்பிச் சொன்ன வார்த்தைகளில் அடுத்த வாரம் நான்கு பிள்ளைகளுக்கு நட்சத்திரம் தேறியது.

பாடம் காட்டுத்தீயாய்ப் பரவியது. பாவமன்னிப்புப் பெருநாளுக்குக்கூட ஜெபக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆண்கள், செவ்வாய் மாலை கேமராவில் படாமல் பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பக்தியோடு கேட்டார்கள். இஸ்ரேலின் ஹைஃபாவுக்குக் குடிபெயர்ந்த சொந்தக்காரர்கள், தங்களுக்கும் இணைப்பு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எமில் ஊர் வாய்க்கு ஒரு கால அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார். 'சமூகத்தில் அற ஈடுபாடு இதுவரை கண்டிராத அளவுக்கு உயர்ந்துள்ளது' என்று ஆன்ட்வெர்ப்புக்கு எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

நட்சத்திரமே வாங்காதவள் ஒருத்திதான் இருந்தாள். தமார். தொரொஹோய்க்காரி, பதினொரு வயது, மாட்டு டாக்டரின் மகள். அந்த ஊரில் யூதக் குழந்தை என்றால் அவள் மட்டும்தான். முகாமைப் பற்றி எமில் முதலில் சொன்னபோது அவள்தான் கேட்டாள்: "அங்க எல்லாரும் ஒரே அறையிலயா சார் தூங்குவாங்க?" ஆமாம் என்றதும் திரையில் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை எமிலே கவனித்தார். வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் பட்டென்று மறைந்துவிடுவார்கள். தமார் மட்டும் ஒவ்வொரு கட்டமாக அணைவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எமிலுக்கு வினை வந்ததும் அந்தக் கடைசியில்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செகாலிடமிருந்து ஒரு யோசனை வந்திருந்தது: பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் தன் கம்பெனிச் சின்னமான குளியல் தொட்டியைப் போட்டால் என்ன? அன்று மாலை வகுப்பை முடித்த கையோடு எமில் மைத்துனனைப் போனில் பிடித்தார்.

"தொட்டி விக்கிற மனுஷனுக்குத் தலைக்குள்ளயும் தொட்டிதான் இருக்கு, சொரின். அதுல தண்ணிகூடக் கிடையாது. ஒரு ஆடு வந்து நம்ம பாஷையில 'ஷலோம்'னு வணக்கம் சொல்லிக் கத்துனா அதுக்கும் காசு குடுப்பான் அந்த ஆளு. இப்போதைக்கு அந்த ஆடு நான்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி திரும்பினார். திரையில் ஒரே ஒரு கட்டம் அணையாமல் இருந்தது. அதில் தமார். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எமில் லேப்டாப்பை அறைந்து மூடினார். தவளையும் தன் வாயால்தான் கெடும். ஆனால் தவளைக்கு மாதச் சம்பளம் கிடையாது, கதவில் பலகையும் கிடையாது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவருக்கு நியாயத்தீர்ப்பு நாளாக இருந்தது. தமாரின் முறை வரும்போது காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அவள் ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் இல்ல சார்" என்பாள். சொல்லிவிட்டாலாவது தலைவலி ஒரேயடியாக ஒழியும் என்றுகூடத் தோன்றியது. பருவக் கடைசி வகுப்பில் செகாலே திரைக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும், எமில் தமாரைத் திரையில் தனியாக அழைத்துப் பேசினார். ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே நடந்த அந்த அறிவுசார் உரையாடல் பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது.

"நட்சத்திரமே இல்லன்னா முகாமுக்கு எப்படிம்மா போவே? ஏதாவது ஒண்ணு சொல்லேன். உங்கப்பா யாரையும் திட்ட மாட்டாரா?"

"திட்டுவார் சார். பசு மாட்டுக்காரங்களை எல்லாம் திட்டுவார்."

"அப்புறம் என்ன? அதைச் சொல்லு."

"அதைச் சொன்னா நானும் திட்டுன மாதிரிதானே சார்? நீங்கதானே முதல் நாள் சொன்னீங்க."

எமில் நெற்றியைத் துடைத்தார். "சரி, நிஜத்தைச் சொல்ல வேணாம். பொய்யா ஒண்ணு கட்டிச் சொல்லு. பத்து கட்டினாலும் நான் கேள்வி கேக்க மாட்டேன்."

"பொய் சொல்லலாமா சார்?"

"அது அடுத்த பருவப் பாடம்மா" என்றார் எமில்.

தமார், அன்றைக்கு அவர் போனில் பேசியது தனக்குக் கேட்டது என்றும், அதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் தானாகவே சொன்னாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லையாம். எமில் அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார். நன்றி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகுமே என்று நினைத்து, "இணைப்பு சரியில்லைம்மா, எதுவும் கேக்கல" என்று சொல்லித் துண்டித்தார்.

கடைசி வகுப்பு வந்தது. செகால் கழுத்தில் பட்டு டையும் சட்டைப் பையில் கைக்குட்டையுமாகத் திரையின் நடுக் கட்டத்தில் வீற்றிருந்தார். நாற்காலிகளுக்குப் பின்னால் தரையில் ஊரே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் அந்தப் பருவத்தில் கேட்டதிலேயே மோசமான தீச்சொல்லைச் சொன்னார்கள். ஒரு விவாகரத்து வெளியே வந்தது. ஒரு பல் செட்டும், ஒரு சாயம் பூசிய மீசையும் வெளியே வந்தன. செகாலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்னே கல்வி, என்னே கல்வி என்று கைதட்டினார். தொட்டி போட்ட நட்சத்திரங்கள் மழையாய்ப் பொழிந்தன.

தமாரின் முறை வந்தது. எமில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன கேட்டே பாப்பா?" என்றார் செகால்.

"கேட்டேன் ஐயா. சொல்ல மாட்டேன்."

"யாரைப் பத்தி?"

"அதைச் சொன்னா எல்லாத்தையும் சொன்ன மாதிரிதான் ஐயா."

"சரி, சொன்னது யாரு? அதையாவது சொல்லு. கூச்சப்படாதே. இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

தமார் உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளும் அது தெரிந்தது.

செகாலுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "என்ன ஹைமோவிச், இந்தப் பொண்ணுக்கு மட்டும் பாடம் ஏறவே இல்லயா?"

ஒரு வாக்கியம் போதும். 'ஏறியது இவளுக்கு மட்டும்தான் ஐயா.' அது எமிலின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மைக்கும் ஆன் ஆகித்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், இவள் காப்பாற்றும் அந்த வார்த்தை என்ன, யாருடையது என்று வள்ளல் கேட்பார். அவர் விடமாட்டார், தொட்டியைக் கணக்குப் பார்க்கிற மனிதர். எமில் அந்தப் பருவத்திலேயே முதல் முறையாக நாவை அடக்கினார்.

"ஏறல ஐயா," என்றார் பிறகு. "விதின்னா விதிதான். இன்னொரு வருஷம் படிக்கட்டும்."

வகுப்பு கலைந்தது. முதலில் வள்ளலின் கட்டம் அணைந்தது. பிள்ளைகள் முகாமுக்கு என்னென்ன எடுத்துப் போவது என்று கத்தியபடியே ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் அதே ஒரே ஒரு கட்டம். எமில் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்து, மைத்துனனுக்குப் போன் போடக் கையை நீட்டினார்.

"சார்," என்றாள் தமார். "உங்க மைக் இன்னும் ஆன்லயே இருக்கு."

சொல்லிவிட்டு அவளும் அணைந்தாள்.

திட்டம் மாபெரும் வெற்றி என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. பேசிக்கொள்ளாதவர்களும் கையைத் தூக்கினார்கள். பெர்க்கு மட்டும் தூக்கவில்லை, அவர் அன்று கூட்டத்துக்கே வரவில்லை. கோடையில் முகாமுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து ஏரிக்கரைக்குப் போனது. ஒரே அறையில், ஒரு பிள்ளை தூக்கத்தில் உளறியதைக்கூட இன்னொரு பிள்ளை கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டது. தீச்சொல் மூன்று பேரைக் கொல்லும் என்ற பழைய வாக்கையும் நவீனக் கல்வி ஒருவாறு திருத்தி அமைத்துவிட்டது. சொன்னவருக்குச் சம்பளம் உயர்ந்தது. சொல்லப்பட்டவர் மனம் குளிர்ந்து நன்கொடையை இரட்டிப்பாக்கினார். கேட்டுவிட்டு வாய் திறக்காத ஒருத்தி மட்டும் தொரொஹோயில், வரும் செவ்வாய்க்கிழமை முதல், 'தீச்சொல்' பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறாள்.