சோப்பு வாடை ஆகாத பாறை

“இது கல் இல்லம்மா, உயிர்! ஒரு உயிருக்கு நாலு வாரம் இடம் கொடுக்க மனசில்லாத வீடா இது?”

இதைச் சொன்னபோது என் கணவர் குளியலறை வாசலை மறித்து நின்றார். கையில் மகளின் பழைய டூத் பிரஷ். அவருக்குப் பின்னால், நான் துணி ஊறவைக்கும் நீலத் தொட்டி. அதில் உப்புத்தண்ணீர். அதற்குள் பூசணிக்காய் அளவில் ஐந்து பாறைகள். வாடையோ, அழுகின முட்டையை ஈரச் சாக்ஸில் சுற்றி வைத்த மாதிரி.

ஹாலில் கடல் மீன் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்திருக்கிறார். மீன் விடுவதற்கு முன்னால் அதில் கடல் பாறையை வைக்க வேண்டுமாம். பாறையின் பொந்துகளில் புழு, பூச்சி, பாசி என்று ஒரு ஊரே குடியிருக்குமாம். வரும் வழியில் செத்ததெல்லாம் அழுகித் தீரும்வரை தனியாக ஊறப்போட்டு, தேய்த்து, தண்ணீர் மாற்றிப் பதப்படுத்த வேண்டுமாம்.

“அதுவரைக்கும் நாங்க எங்கே குளிக்கிறது?”

“பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரேன். சோப்பு வாடை பட்டா உள்ள இருக்கறதெல்லாம் செத்துடும்.”

“படலைன்னா நாங்க செத்துடுவோம். வெள்ளிக்கிழமை அக்கா வர்றா, ஞாபகம் இருக்கா?”

“அடடா!” என்றார். அந்த ‘அடடா’ கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. “பாவம், இந்த நாத்தத்துல அவங்க எப்படி ரெண்டு வாரம் தங்குவாங்க? அடுத்த மாசம் வரச் சொல்லிடேன்.”

எனக்குப் பொறி தட்டியது. ஆறு மாதமாகக் காலித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷன், அக்கா வருகிறாள் என்று நான் சொன்ன மறுநாளே பாறைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். அக்காவால் அவருக்கு ஒன்றுமில்லை. அக்கா வீட்டுக்காரர்தான் ஆகாது. எங்கள் அத்தான் எதையும் விளக்காமல் விடமாட்டார். போன முறை, தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று இவரை உட்காரவைத்து விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது.

நான் அக்காவைப் பார்த்து இரண்டு வருஷம். விடுவேனா?

சண்டை போட்டால் மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டு அவர்தான் ஜெயிப்பார். அதனால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பாறையோடு வந்த தாளைக் கடைசி வரிவரை படித்தேன்.

“என்னங்க, இதுக்கு இருட்டு வேணுமாமே?”

“ஆமாம்மா!” முகம் மலர்ந்துவிட்டது. “வெளிச்சம் பட்டா வேண்டாத பாசி ஏறிடும்.”

“இங்கே ஜன்னல்ல மத்தியான வெயில் நேரா விழுதே.”

“ம்...”

“தண்ணியைச் சுத்தவிடற மோட்டார் நின்னா தெரியணும், ஒருத்தர் கூடவே இருக்கணும். சோப்பு அந்தப் பக்கமே வரக்கூடாது. நம்ம வீட்டுல சோப்பே வராத அறை எது?”

அவருடைய அறைதான். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு டி.வி.; துடைப்பத்தோடு என்னை உள்ளே விட்டதே இல்லை.

“உயிர் இல்லையாங்க?” என்றேன், குரலைக் குழைத்து.

அவரே பாறைகளைத் தூக்கினார். அவரே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். அவரே ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். “டி.வி. வெளிச்சமும் வெளிச்சம்தானேப்பா” என்று மகள் எடுத்துக்கொடுக்க, அவரே வயரைப் பிடுங்கினார்.

ஆனாலும் விடவில்லை. “நாத்தம் அப்படியேதான் இருக்கு. அக்காகிட்ட மறைக்காம சொல்லிடு.”

“அதுக்கென்ன?” அவர் எதிரிலேயே போன் போட்டேன். “அக்கா, வீட்டுல ஒரே நாத்தம். இவர் கடல் பாறை ஊறப்போட்டிருக்கார். கல் இல்லையாம், உயிராம். பொந்து பொந்தா புழுவாம். அத்தான்கிட்டயும் சொல்லிடு.”

திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், ‘அத்தான்’ என்றதும் நிறுத்தினார். முப்பது வருஷம் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்தவர் அத்தான். இத்தனை திட்டம் போட்டவர் அதை மட்டும் மறந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் புதன்கிழமையே வந்தார்கள். பெட்டியெல்லாம் அக்கா கையில். அத்தான் கையில் பூதக்கண்ணாடி. வாசலிலேயே கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார்.

“ஆஹா... அம்மோனியா!”

“ரெண்டு வாரம்தானே இருப்பீங்க?” இவர் அவசரமாகக் கேட்டார்.

“பாறை பதப்பட நாலு வாரம் ஆகுமே, சகலை! பாதியில விட்டுட்டுப் போனா உயிருக்கு என்ன மரியாதை?”

இன்று ஆறாம் நாள். குளித்துவிட்டு, சோப்பு மணக்க, நானும் அக்காவும் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். இவர் பாவம்தான். சாப்பாட்டை நானே அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆம்லெட்டை மட்டும் தொடுவதில்லை.

“இந்தப் புழுவுக்கு மொத்தம் எத்தனை கால்னு எண்ணிடுவோம், சகலை. முதல்லேர்ந்து வாங்க.”

உள்ளே அத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. என் கணவரின் மூக்கு மட்டும் வெளியே வந்தது, மூன்றாவது முறையாக.

“ஏம்மா... ஏதாவது வேலை இருக்குன்னு என்னை ஒரு அஞ்சு நிமிஷம் கூப்பிடேன்?”