பன்னிரண்டாம் அறையும் ஒரு பெயர்சூட்டு ஆலோசனையும்

கேள்வி கேட்டுக் கெட்டவர்கள் உலகில் கோடி. கேள்வி கேட்டே உயர்ந்த நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐந்தாம் மாடியில் அது இருக்கிறது. பெயர் 'தெளிவு சாஃப்ட்வேர்'. அங்கே ஒரு வரி நிரல் எழுதுமுன் நாற்பது கேள்விகள் எழுப்பப்படும். வரி ஆரம்பத்தில் இடம் விட டேப் தட்டுவதா, ஸ்பேஸ் தட்டுவதா? நேற்று வந்த டூலை இன்றே கற்பதா, நாளை வருவதற்குக் காத்திருப்பதா? நிரல் எழுதாமல் விட்ட நாள் உண்டு. கேள்வி எழுப்பாமல் விட்ட நாள் கிடையாது.

பொன்செல்விக்கு அந்த வெள்ளிக்கிழமை தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். டீம் லீடர் வெங்கடகிருஷ்ணன் ஐந்து மணிக்குள் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அப்பாவின் பாத்திரக்கடை.

பதினொரு மணிக்கு தம்பானூரிலிருந்து லாட்ஜ்காரர் ஆறுமுகசாமி கூப்பிட்டார். அவருடைய அறைப் பதிவு ஆப் இவர்கள் செய்து கொடுத்தது.

"ஏம்மா, உங்க ஆப்பு பன்னெண்டாம் நம்பர் ரூம ரெண்டு குடும்பத்துக்குக் குடுத்திருக்கு. ஒரு குடும்பம் கட்டில்ல கெடக்கு, ஒரு குடும்பம் கட்டிலுக்குக் கீழ. என்னதான் செய்யுதிய அங்க?"

பொன்செல்வி பார்த்தாள். 'அறை நிரம்பிவிட்டது' என்று குறித்துக்கொள்ளும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

"ஒரே வரி சார். சேத்துரட்டா?"

"பேஷா சேக்கலாம்," என்றார் வெங்கடகிருஷ்ணன். "ஆனா அந்தக் குறிப்ப வச்சுக்கற வேரியபிளுக்கு என்ன பேர் வைக்கறது? கொழந்தை பொறந்தாலே பதினோரு நாள் பொறுத்துத்தானே வைக்கறோம்?"

ஆலோசனை கூடியது. 'நிரம்பியது' என்பதா, 'காலியில்லை' என்பதா? 'காலியில்லை'யில் அவநம்பிக்கை தொனிப்பதாக ஓர் 'ஆழ்ந்த' கருத்து பதிவானது. பக்கத்து இருக்கை சுஜித் மேசையைத் தட்டினான்.

"ராவிலே ஒரு புதிய டூல் எறங்கியிருக்கு, அடிபொளி! மூணே நாள்ல படிச்சிரலாம். அப்புறம் பேரு அதுவே வைக்கும்."

பொன்செல்வி வியாபாரி வீட்டுப் பெண். வாடிக்கையாளரை வாசலில் நிற்கவைத்துவிட்டுத் தராசுக்குப் பெயர் தேடுகிற வம்சமில்லை. எல்லோரும் டீயும் பழம்பொரியும் சாப்பிட எழுந்த நேரத்தில், கைக்கு வந்த ஒரு பெயரை வைத்து வரியைச் சேர்த்துவிட்டாள். கட்டிலுக்குக் கீழே கிடந்த குடும்பம் எட்டாம் நம்பருக்குக் குடிபோனது.

நாலரைக்குக் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது.

"ஆலோசனை முடியறதுக்குள்ள பிழையைச் சரிபண்ணிட்டியாமே! அந்த வரிய எடுத்தாத்தான் கையெழுத்து."

"எடுத்தா மறுபடியும் ரெண்டு குடும்பம் வருமே சார்?"

"வரட்டுமே. முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

பொன்செல்வி யோசித்தாள். சாலைக் கடைத்தெருவில் பேரத்தை முறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு மதிப்பில்லை.

"நீங்க மொதல்ல ஒப்புப் போடுங்க சார். ஒங்க கண்ணு முன்னாலயே எடுக்கேன்."

போட்டார். அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள், விசைப்பலகையில் கையும் வைத்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். வரிய அடியோட அழிக்கதா, இல்ல வேலை செய்யாதபடிக்கு அங்கனயே மூடி வைக்கதா? எது நம்ம முறை?"

வெங்கடகிருஷ்ணன் கண்ணில் ஒளி பிறந்தது. "நல்ல கேள்வி!" என்றார். "அதுக்கும் ஒரு டூல் உண்டு!" என்று சுஜித் ஓடிவந்தான்.

இது மூன்றாவது வாரம். ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது, இரண்டு துணைக்குழுக்கள் பிறந்திருக்கின்றன. தம்பானூரில் கட்டிலுக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கில் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இப்பேர்ப்பட்ட மேதைகளால் ஊருக்கு ஆகக்கூடிய ஆகப்பெரிய உபகாரம், அவர்கள் ஒரு முடிவுக்கும் வராமல் இருப்பதுதான்.