நாற்பத்தொன்றாம் பக்கம்

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் பைண்டிங் அக்கா முதலில் கையைப் பிசைவாள். "நான் அஞ்சாவதோட நின்னவ. முன்னபின்ன சொல்லிட்டா என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க" என்பாள். ஆகவே அவள் சொன்னபடியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

அந்த அலுவலக நூலகத்தில் அவள் பதினோரு வருடமாகத் தற்காலிகமாகப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். அவளை நிரந்தரமாக்கும் ஆணை இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா இயக்குநர் புத்தகம் போட வேண்டும்! கவிதை, கட்டுரை, சிறுகதை மூன்றும் கலந்த தொகுப்பு.

நூலகத்தில் அலமாரிகளும் மூன்று. ஒரு வகைக்குரிய அலமாரியில் வேறு வகை எழுத்து ஒரு வரிகூட இருக்கலாகாது என்பது விதி. நூலகக் கண்காணிப்பாளருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் தெளிந்த முகத்தோடு வந்தார்.

"அக்கா, மூணா வெட்டுங்க."

"ஐயோ சார், பெரியவர் புத்தகமாச்சே!"

"பெரியவரையா வெட்டச் சொன்னேன்? விதிக்கு முன்னால எல்லாப் புத்தகமும் ஒண்ணுதான்."

அக்கா கத்தியை எடுத்தாள். பாதியில் கை நின்றது.

"சார், நாப்பத்தொண்ணாம் பக்கத்துல கவிதை முடியுது. தாளைத் திருப்பினா கதை ஆரம்பிக்குது. இதை எங்க வைக்க?"

கண்காணிப்பாளர் தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். "இதைக் குறுக்கால ரெண்டு தோலா உரிக்க முடியுமா?"

"வெங்காயமா சார், உரிக்கிறதுக்கு?"

நூலகக் குழு கூடியது. ஆழ்ந்து பரிசீலித்தது. 'மேற்படி தாள் முற்பகலில் கவிதை அலமாரியிலும், பிற்பகலில் கதை அலமாரியிலும் பணியாற்றும்' என்று தீர்மானித்தது. தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா தாளைத் தூக்கிக்கொண்டு அலமாரி மாற்றுவாள். அதற்கொரு பதிவேடு, இரண்டு கையெழுத்து.

ஒருநாள் மணி அடித்து, தாள் அவள் கையில் இருந்தபோது இயக்குநர் உள்ளே வந்தார்.

"எங்கேம்மா நம்ம புத்தகம்?"

கண்காணிப்பாளருக்குத் திடீரென்று செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது, குனிந்தவர் நிமிரவேயில்லை. அக்கா மூன்று துண்டுகளையும் ஒற்றைத் தாளையும் மேசையில் வைத்தாள். நாக்கு தானாகப் பேசியது:

"படிச்சுப் படிச்சுக் கிழிச்சுட்டாங்கய்யா. ஒரே அடிதடி."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயும் படிச்சியா? எது பிடிச்சுது?"

கவிதை என்றால் கதை கோபிக்கும். கதை என்றால் கட்டுரை.

"நாப்பத்தொண்ணாம் பக்கமுங்க."

"அட! முன்பக்கமா, பின்பக்கமா?"

"நடுவுலங்கய்யா."

"நுட்பமான வாசகி!" என்று நெகிழ்ந்தவர், ஆணையை வரவழைத்துக் கவிதை அலமாரியில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

செய்தி பரவியது. புத்தகம் போட்டிருந்த அதிகாரிகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். "எனக்கு ரெண்டாக் கிழிச்சாப் போதும்மா, அவரைத் தாண்டக் கூடாது" என்றார் துணை இயக்குநர். எழுத்தர்கள் போட்ட புத்தகங்களுக்கு அட்டை மட்டும் தளர்ந்து ஆடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. கத்தி வெட்டு நேராக இருந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அக்கா எல்லாவற்றையும் கையாலேயே கிழித்தாள். ஆண்டு முடிவில் 'அதிகம் வாசிக்கப்படும் நூலகம்' என்று கேடயம் கிடைத்தது. பொதுமக்கள் திரண்டு வந்து, கிழிந்த புத்தகங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநரின் தொகுப்புக்குக் கண்ணாடிப் பெட்டியே செய்தார்கள்.

அன்று கண்காணிப்பாளர் கேட்டார்: "அக்கா, உங்க நிரந்தர ஆணையோட அசலைக் குடுங்க, கோப்புல வைக்கணும்."

அந்த அலுவலகத்தில் கோப்புக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. "வீட்ல இருக்கு சார்" என்றாள் அக்கா.

துடைப்பதற்கென்று பெட்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் திறந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஒட்டி, தன் பையிலேயே இருந்த ஆணையை மடித்து வைத்து, இரட்டை நூலால் தைத்துப் பூட்டினாள். அந்தக் கட்டடத்திலேயே யாரும் புரட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.